மலை வீட்டில் குளிர்ந்த சூப்: ஐந்தில் எது உங்களுக்குச் சரிப்படும்?

சித்திரை பிறந்ததும் ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். கோத்தகிரி பக்கம் இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துபவர் கேட்கிறார், குன்னூரில் லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பாட்டி கேட்கிறார், கொடைக்கானலில் வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டையும் பார்க்கும் பெண் கேட்கிறார். குளிர்ந்த சூப் செய்து பார்க்கலாம் என்று ஆசை. தக்காளியில் செய்வதா, பீட்ரூட்டிலா, உருளைக்கிழங்கிலா என்பதில்தான் குழப்பம். எல்லாச் செய்முறையும் "எளிது, பத்தே நிமிடம்" என்றுதான் சொல்கிறது. சமவெளியில் அது உண்மையாக இருக்கலாம். இங்கே கணக்கு கொஞ்சம் வேறு.

"ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு குளிர்ந்த சூப்பா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி வரை போனது. அந்த அளவுக்குப் போகாத வருடங்களிலும், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே மத்தியான வெயில் தோலைச் சுடும். தொட்டபெட்டாவையும் பூங்காவையும் சுற்றிவிட்டு ஒரு மணிக்கு வீட்டுக்குள் வருபவர் சூடான ரசத்தைக் கேட்கமாட்டார். ஆனால் நான்கு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் அதே ஆள் கம்பளியைத் தேடுவார். ஆக, இந்த மலையில் குளிர்ந்த சூப்புக்குக் கிடைப்பது பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

காய் எங்கிருந்து வருகிறது. நம்முடைய முக்கியமான சிக்கல் இதுதான். மலையில் விளைகிற உருளைக்கிழங்கு, பீட்ரூட், லீக்ஸ் (தடித்த வெங்காயத்தாள் போன்ற காய்) எல்லாவற்றையும் வேகவைத்தாக வேண்டும். வேகவைக்கத் தேவையில்லாத தக்காளியும் வெள்ளரியும் பெரும்பாலும் கீழேயிருந்து லாரியில் ஏறி வருகின்றன. ஒன்றில் கேஸ் செலவாகிறது, இன்னொன்றில் லாரி வாடகை காயின் விலையில் ஏறுகிறது. மலர் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: சந்தைக்குப் போய்த் திரும்புவதே அரை நாள் வேலை. வாகன நெரிசலில் நின்று வாங்கிவரும் ஒரு கிலோ தக்காளியின் உண்மையான விலை தராசில் தெரியாது.

அடுப்பும், ஆறுகிற நேரமும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குன்னூரில் 94 பக்கம் வரும். திறந்த பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் சமவெளியைவிட நன்றாகவே நேரம் பிடிப்பது இதனால்தான். குக்கர் இருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். வெந்ததை ஆறவைப்பதில் மட்டும் நமக்குத்தான் லாபம். குழாயில் வரும் தண்ணீரே சில்லென்று இருப்பதால், பாத்திரத்தை ஒரு அகலமான பேசினில் வைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றினால் போதும். ஐஸுக்குக் காசு வேண்டாம். சூடான பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளக் கூடாது, விடிய விடிய வெளியிலும் விடக் கூடாது. வெந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

பச்சைத் தண்ணீர். வேகவைக்காத சூப்பில் சேர்க்கும் தண்ணீரும் ஐஸும் காய்ச்சிய தண்ணீராக இருப்பது நல்லது. ஊற்றுத் தண்ணீர் சுத்தம் என்ற நம்பிக்கை மலையில் நிறைய வீடுகளில் உண்டு. ஊருக்குப் புதிதாக வந்த வயிற்றுக்கு அந்த நம்பிக்கை தெரியாது. 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தளதளவென்று கொதித்த பிறகு 3 நிமிடம் விட வேண்டும். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் ஒரு நிமிடம் போதும்.

மீந்தால் என்ன ஆகும். செய்முறைகளில் இதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதுதான் பெரிய அளவுகோல். மத்தியானம் குடித்து மீந்த சூப்பை இரவில் சுடவைத்துக் குடிக்க முடியுமா? முடிந்தால் ஒரே சமையலில் இரண்டு வேளை ஓடிவிடும். தயிர் கலந்த சூப்பைச் சுடவைத்தால் திரிந்து தண்ணீர் வேறு, கட்டி வேறாகிவிடும்.

வீட்டில் யார் குடிப்பார்கள். "சூப்புன்னா சூடா இருக்கணும்மா" என்று சொல்லும் மாமனார் இருக்கும் வீட்டில் எந்தச் செய்முறையும் ஜெயிக்காது. அவருக்கு ஒரு டம்ளர் மிளகு ரசத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு எது என்று யோசியுங்கள்.

## தக்காளி: கஸ்பாச்சோ

ஸ்பெயினின் தெற்கே, வெயில் கொளுத்தும் அந்தலூசியாவில் வயல்வேலை செய்தவர்களின் சாப்பாடு இது. நம் ஊரில் கொல்லைக்குத் தூக்குவாளியில் போகும் கம்பங்கூழ் மாதிரி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து தக்காளி அங்கே வந்து சேர்வதற்கு முன்பு காய்ந்த ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், தண்ணீர் மட்டும்தான். தக்காளி பின்னால் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

நான்கு பேருக்கு ஒரு கிலோ நன்றாகப் பழுத்த தக்காளி, ஒரு வெள்ளரி, பாதிக் குடைமிளகாய், ஒரு துண்டு பழைய ரொட்டி, மூன்று நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு கரண்டி வினிகர், உப்பு. பூண்டு பாதிப் பல் போதும். மலைப்பூண்டின் காரம் பச்சையாக அரைத்தால் ஃப்ரிட்ஜில் இருக்க இருக்க ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து, சல்லடையில் தேய்த்து வடித்து, கடைசியாக எண்ணெயை ஊற்றி ஒரே ஒரு சுற்று. எண்ணெயை முதலிலேயே போட்டு நிறைய நேரம் ஓட்டினால் கசப்பு எட்டிப் பார்க்கும்.

அடுப்பு வேலையே இல்லை. ஆனால் இந்த சூப்பின் தலையெழுத்து தக்காளியின் கையில் இருக்கிறது. சமைத்தால் சுமாரான தக்காளியும் தேறிவிடும், பச்சையாக அரைத்தால் தேறாது. கடையில் இரண்டு வகை கிடைக்கும். சதைப்பற்றோடு உருண்டையாக இருக்கும் பெங்களூர் தக்காளி நிறம் தரும், புளிப்பு தராது. மலைப்பாதையில் நசுங்கிப் பாதி வீணாகி வரும் நாட்டுத் தக்காளிதான் இதற்கு ஏற்றது; அதைப் போட்டால் வினிகரைப் பாதியாகக் குறைத்துவிடலாம். காய்வெட்டாக வந்த தக்காளியை ஊட்டிக் குளிரில் பழுக்க வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சீக்கிரம் பழுக்கட்டும் என்று நேர் வெயிலில் வைக்காமல், சமையலறையின் கதகதப்பான மூலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே தக்காளி தன் மணத்தை இழந்துவிடுகிறது. அரைத்த பிறகு குளிரவைப்பதில் சிக்கல் இல்லை.

மறைந்திருக்கும் செலவு ஆலிவ் எண்ணெய். "போமஸ்" என்று போட்டிருக்கும் மலிவான பாட்டிலை இதற்கு வாங்காதீர்கள். அது பொரிக்கவும் வதக்கவும் ஆகும், பச்சையாகக் குடிக்கும் சூப்பில் எந்த மணமும் தராது. எக்ஸ்ட்ரா வெர்ஜின் வாங்கினால் சின்ன பாட்டிலே பர்ஸைக் கடிக்கும், வேறு எதற்கும் பயன்படுத்தாத வீட்டில் மீதி அலமாரியில் கிடந்து காறிப்போகும். நல்லெண்ணெய் ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். ஊற்றலாம். அது நன்றாகவே இருக்கும் வேறொரு பண்டம், கஸ்பாச்சோ இல்லை.

வீட்டுத் தோட்டத்தில் மரத்தக்காளி நிற்கும் ஆட்களுக்கு ஒரு வழி உண்டு. கால்பங்கு மரத்தக்காளி சேர்த்தால் வினிகரே வேண்டாம். அதன் தோல் கசக்கும், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து உரித்துவிடுங்கள். முழுக்க மரத்தக்காளியிலேயே செய்தால் புளிப்பு பல்லைக் கூசவைக்கும்.

கஸ்பாச்சோ எப்போது நல்ல தேர்வு? கேஸ் தீரும் நிலையில் இருக்கும்போது, நல்ல தக்காளி கையில் இருக்கும்போது, பால் பொருள் ஆகாத விருந்தாளி வரும்போது. மூன்றும் சேராவிட்டாலும் தக்காளியாவது நல்லதாக இருக்க வேண்டும்.

## லீக்ஸும் உருளைக்கிழங்கும்: விஷிசுவாஸ்

பெயர் பிரெஞ்சுக்காரப் பெயர், பரவியது அமெரிக்காவில். நியூயார்க் ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் சமையல் தலைவராக இருந்த லூயி தியா, 1917ல் இதை உருவாக்கியதாகச் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் அம்மா வைத்த லீக்ஸ் உருளைக்கிழங்கு சூப்பில், கோடையில் அவரும் அண்ணனும் சில்லென்ற பாலை ஊற்றிக் குடிப்பார்களாம். அந்த நினைப்பில் செய்து, சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் விஷி நகரத்தின் பெயரை வைத்துவிட்டார்.

நீலகிரிக்காரர்களுக்கு இது கிட்டத்தட்ட உள்ளூர்ச் சரக்கு. லீக்ஸ், செலரி, ப்ராக்கோலி, சுகினி எல்லாவற்றையும் இங்கே விவசாயிகள் "சைனீஸ் காய்கறி" என்ற ஒரே பெயரில் அழைப்பார்கள். அவற்றில் பெரும்பகுதி நகரத்து ஓட்டல்களுக்காகவே மலையிறங்குகிறது. அதனால் உள்ளூர்க் கடையில் லீக்ஸ் தினமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊட்டி மார்க்கெட்டில் கேட்டால் கிடைக்கும். இல்லாவிட்டால் பெரிய வெங்காயமும் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் பாதிப் பாதி போடலாம். மென்மை கொஞ்சம் குறையும், குடிமுழுகிவிடாது.

லீக்ஸின் வெள்ளைப் பகுதி மூன்று, உருளைக்கிழங்கு 400 கிராம், தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. லீக்ஸை நீளவாக்கில் கீறி, மடல் மடலாக விரித்துக் கழுவ வேண்டும். மண் அணைத்து வளர்ப்பதால் ஒவ்வொரு மடலுக்குள்ளும் செம்மண் உட்கார்ந்திருக்கும். மேலோட்டமாகக் கழுவி நறுக்கினால் கடைசிக் கரண்டியில் பல்லில் நறநறக்கும். சின்னத் தீயில், நிறம் மாறாமல், எண்ணெயில் வதக்குங்கள். வெண்ணெய் மணமாக இருக்கும்தான். ஆனால் நிறையப் போட்டால் குளிர்ந்ததும் உறைந்து, மேலே மஞ்சள் பொட்டுகளாக மிதக்கும். ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் உருளைக்கிழங்கும் தண்ணீரும் சேர்த்து குக்கரில் இரண்டு மூன்று விசில்.

அரைப்பதுதான் ஆபத்தான கட்டம். உருளைக்கிழங்கை மிக்ஸியில் போட்டு நிமிடக்கணக்கில் ஓட்டினால் மாவுச்சத்து வெளியே வந்து போஸ்டர் ஒட்டும் பசையாகிவிடும். பருப்பு மத்தால் மசித்து, சல்லடையில் தேய்த்து வடிப்பது உத்தமம். கை வலிக்கிறது என்றால் மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு திருப்பு, அவ்வளவுதான். அதுவும் நன்றாக ஆறிய பிறகு. சூடாக ஜாரில் மூடினால் மூடியைத் தள்ளிக்கொண்டு சுவர் வரை தெறிக்கும்.

குளிர்ந்த பிறகு காய்ச்சி ஆறிய பாலும் கொஞ்சம் ஃப்ரெஷ் க்ரீமும் கலக்க வேண்டும். மறைந்திருக்கும் செலவு இங்கே இருக்கிறது. க்ரீம் பாக்கெட்டைப் பிரித்தால் சில நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். கேஸ், க்ரீம், வடிக்கும் உழைப்பு, ஆறும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்தில் அதிக வேலை வாங்குவது இதுதான். பதிலுக்கு இது தருவதும் அதிகம். முந்தின நாளே செய்துவைக்கலாம், மறுநாள் ருசி கூடும். பாலும் க்ரீமும் சேர்க்காத பாதியைத் தனியாக எடுத்துவைத்தால் இரவில் மிளகு தட்டிப்போட்டு, சூடாகக் குடிக்கலாம். மாமனாரும் குடிப்பார். பக்கத்தில் ஊட்டி வர்க்கி இருந்தால் நொறுக்கி மேலே தூவிப் பாருங்கள். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய வர்க்கியை டீயில் மட்டுமே நனைக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

## பீட்ரூட்டும் தயிரும்

என் ஓட்டு இதற்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போலந்திலும் லித்துவேனியாவிலும் கோடை வந்தால் வீட்டுக்கு வீடு இந்த இளஞ்சிவப்பு சூப்தான். வேகவைத்த பீட்ரூட்டைத் துருவி, கெஃபிர் என்கிற புளித்த பாலில் கலந்து, வெள்ளரியும் சதகுப்பைக் கீரையும் (டில்) பொடியாக நறுக்கிப்போட்டு, அவித்த முட்டையை வைத்துக் கொடுப்பார்கள். லித்துவேனியாவில் கூடவே ஒரு தட்டில் சூடான உருளைக்கிழங்கு வரும். ஒரு கரண்டி சில்லென்ற சூப், ஒரு வாய் ஆவி பறக்கும் கிழங்கு. நம் மலைக் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கையை நான் பார்த்ததில்லை. வெளியே வெயில், வீட்டுக்குள் தரை சில்லிட்டுக் கிடக்கும் அந்த நேரத்துக்கு வெறும் குளிர்ச்சியும் சரிப்படாது, வெறும் சூடும் சரிப்படாது.

நடுத்தரமான பீட்ரூட் இரண்டு, தயிர் அரை லிட்டர், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், வெள்ளரி ஒன்று, வெங்காயத்தாள், உப்பு, தேவைப்பட்டால் எலுமிச்சை. பீட்ரூட்டைத் தோலோடும் ஒரு விரற்கடை காம்போடும் குக்கரில் வைக்க வேண்டும். நறுக்கிவிட்டு வேகவைத்தால் நிறமெல்லாம் தண்ணீரில் போய்விடும். நான்கு விசிலுக்குப் பிறகு தோலைக் கட்டைவிரலால் தள்ளினாலே கழன்று வரும். துருவி, முழுதாக ஆறிய பிறகுதான் தயிர். சதகுப்பைக் கீரை கிடைக்காவிட்டால் கொத்தமல்லி போடலாம், வாசனை வேறாக இருந்தாலும் ஒத்துப்போகும். கெஃபிருக்குப் பதில் ஒருநாள் புளித்த தயிரைக் கடைந்து சேர்த்தால் அந்தப் புளிப்பு வந்துவிடும்.

சிக்கல் தயிரில் இருக்கிறது. மலையில் தயிர் உறைய வைப்பது ஒரு கலை. கை பொறுக்கும் சூட்டில் பாலை ஹாட்பேக்கில் ஊற்றி, மூடி, துணியைச் சுற்றி, சமையலறையின் கதகதப்பான மூலையில் வைத்தால்தான் காலையில் தயிர். கொஞ்சம் அசந்தால் மோரும் இல்லை பாலும் இல்லை. கடைத் தயிர் வாங்குவதென்றால் அரை லிட்டர் கணக்கு தினமும் ஏறும். இந்த சூப்பின் உண்மையான செலவு அதுதான். பீட்ரூட் இங்கே மலிவு.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். குடித்த மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் ஆஸ்பத்திரியை விசாரிப்பார்கள். சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கு பீட்ரூட்டில் உள்ள ஆக்சலேட் ஆகாது. அவர்களுக்கு வேறு எதையாவது கொடுங்கள். மேசைவிரிப்பு வெள்ளையாக இருந்தால் எடுத்துவிடுங்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மீந்தால்? கலந்ததைச் சுடவைக்க முடியாது. ஆனால் துருவிய பீட்ரூட்டைத் தனி டப்பாவில் வைத்து, குடிக்கிற அளவுக்கு மட்டும் அவ்வப்போது தயிரில் கலந்தால் மூன்று நாள் ஓட்டலாம். மீதி பீட்ரூட்டைத் தேங்காய் போட்டுத் தாளித்தால் இரவுக்குப் பொரியல். இந்த ஏற்பாடு மற்ற நான்கிலும் இல்லை.

## வெள்ளரியும் தயிரும்

பல்கேரியாவில் தாரதோர் என்பார்கள். தயிர், வெள்ளரி, பூண்டு, அக்ரூட், சதகுப்பை, கொஞ்சம் எண்ணெய், தண்ணீர். உண்மையைச் சொன்னால் நம் வெள்ளரிப் பச்சடியும் நீர்மோரும் கைகோத்துக்கொண்டது. பத்து நிமிட வேலை, அடுப்பில்லை, செலவில்லை. அக்ரூட் விலை அதிகமென்றால் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்துப் போடலாம்.

வீட்டில் யாராவது "இது பச்சடிதானே, சோறு எங்கே?" என்று கேட்பார்கள். கேட்பவர் பக்கம்தான் நியாயம். அதனால் இதைத் தனியாக மேசையில் வைக்காமல், எலுமிச்சைச் சாதத்தோடு வையுங்கள். வெள்ளரியின் காம்புப் பக்கத்தை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துவிட்டு நறுக்குங்கள், ஒரே ஒரு கசப்புக் காய் மொத்தச் சட்டியையும் கெடுத்துவிடும். அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கு முடிக்க வேண்டிய பண்டம். மறுநாள் வெள்ளரி நீர் விட்டு, பூண்டு மட்டும் தனியாகக் கத்தும்.

## பட்டர் ஃப்ரூட்

மேலே சொன்ன கணக்குக்கு இது விதிவிலக்கு: மலையில் விளைகிறது, வேகவைக்கவும் வேண்டாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையின் காபித் தோட்டங்களிலும், நீலகிரியின் கீழ்ச்சரிவுகளிலும் மரங்கள் நிற்கின்றன. அப்படியானால் இதுதானே முதலில் வர வேண்டும் என்று தோன்றும்.

வராமல் போவதற்குக் காரணம் பழம் பழுக்கும் நேரம். இது மரத்தில் பழுப்பதில்லை, பறித்த பிறகுதான் பழுக்கும். மலைக் குளிரில் அதற்கு ஒரு வாரம்கூட ஆகும். வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றியோ அரிசிப் பானையில் புதைத்தோ வைத்தால் கொஞ்சம் சீக்கிரம். ஆனாலும் நாளை விருந்து என்று இன்று பழம் வாங்கி எதுவும் செய்ய முடியாது. வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே வெண்ணெயா, நாரா, கறுப்பா என்று தெரியும். ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு இந்தச் சூதாட்டம் ஆகாது.

நன்றாகப் பழுத்தது கையில் இருந்தால் மட்டும்: இரண்டு பழம், மூன்று டம்ளர் நீர்த்த மோர், ஒரு எலுமிச்சை, பாதிப் பச்சைமிளகாய், வறுத்த சீரகம், உப்பு. ஒரே சுற்றில் பட்டுப்போல வரும். எலுமிச்சையைக் குறைக்காதீர்கள், பழுப்பாவதைத் தள்ளிப்போடுவது அதுதான். பாத்திரத்தில் காற்றுப்படும் மேல்பக்கம்தான் முதலில் கறுக்கும் என்பதால், குறுகலான பாத்திரத்தில் விளிம்பு வரை ஊற்றி வையுங்கள். சுடவைத்தால் பட்டர் ஃப்ரூட் கசக்கும், ஆக மீந்தது மீந்ததுதான். வயிறு நிரம்பும் சூப் இது, ஆளுக்குச் சின்ன டம்ளர் போதும். பாலும் சர்க்கரையும் போட்ட ஜூஸாகவே இதைக் குடித்துப் பழகியவர்கள் உப்பும் மிளகாயும் என்றதும் முகம் சுளிப்பார்கள். குழந்தைகள் பரவாயில்லை, பெரியவர்களை மாற்றுவதுதான் கஷ்டம்.

## ஒரே பார்வையில்

| சூப் | காய் | அடுப்பு | எங்கே காசு போகும் | எத்தனை நாள் தாங்கும் | இரவில் சுடவைக்கலாமா |
|---|---|---|---|---|---|
| தக்காளி | பெரும்பாலும் கீழேயிருந்து | இல்லை | ஆலிவ் எண்ணெய் | 2 நாள் | வேண்டாம். ரசத்தில் சேர்க்கலாம் |
| லீக்ஸ், உருளைக்கிழங்கு | மலை | குக்கர், பிறகு நீண்ட ஆறல் | க்ரீம், கேஸ், உழைப்பு | 2 நாள் | பால் சேர்க்காத பகுதியை, தாராளமாக |
| பீட்ரூட், தயிர் | மலை (வெள்ளரி மட்டும் கீழே) | குக்கர் | தயிர் | தனித்தனியாக வைத்தால் 3 நாள் | பீட்ரூட்டைப் பொரியலாக்கலாம் |
| வெள்ளரி, தயிர் | கீழேயிருந்து | இல்லை | தயிர், அக்ரூட் | அன்றே | முடியாது |
| பட்டர் ஃப்ரூட் | மலைச்சரிவு | இல்லை | பழம், காத்திருப்பு | அன்றே | முடியாது |

## யாருக்கு எது

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் லீக்ஸ், உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளலாம். முந்தின இரவே முடிந்துவிடும், பத்துப் பேர் வந்தாலும் ஆறு பேர் வந்தாலும் வீணாகாது, "இந்தக் காய் இங்கேயே விளைந்தது" என்று சொல்லிக் கொடுக்கலாம். விருந்தாளிகளுக்கு அந்தச் சொல்லும் சேர்ந்துதான் ருசி. கோடை மழை இடியோடு வந்து கரண்ட் போகிற மாதத்தில் ஃப்ரிட்ஜை நம்பி லிட்டர் கணக்கில் தயிர் சூப் கலந்துவைக்க வேண்டாம்.

பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், பீட்ரூட். பீட்ரூட் பொரியலை ஒதுக்கும் பிள்ளை இந்த இளஞ்சிவப்பைப் பார்த்ததும் டம்ளரை நீட்டும். தயிர் சில்லென்று இருப்பதால் சளி பிடிக்கும் என்று பயப்படும் பாட்டிகள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் கொடுக்கலாம். நம் சீதோஷ்ணத்துக்கு அந்த அளவு குளிர்ச்சியே போதும். சமவெளியில் செய்வதுபோல ஐஸ் மிதக்கவிட்டால் இரண்டாவது வாயிலேயே நாக்கு மரத்துப்போய் ருசி தெரியாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் நான் பீட்ரூட்டையே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை குக்கர் வைத்தால் புதன் வரை கவலையில்லை. ஆபீஸுக்கு எடுத்துப்போவதானால் பீட்ரூட்டை டிபன் டப்பாவிலும் மோரை பாட்டிலிலும் தனித்தனியாக வைத்து, சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள்.

மலைக்குக் கீழே, மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். உங்களுக்குத் தக்காளியும் வெள்ளரியும் வாசலிலேயே வருகின்றன, அடுப்பைப் பற்றவைத்தால் சமையலறை கொதிக்கிறது. கஸ்பாச்சோ உங்களுக்கானது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உப்பை மட்டும் இரண்டு முறை பாருங்கள். சூடாக இருக்கும்போது சரியாக இருந்த உப்பு குளிர்ந்ததும் மங்கிவிடும். முதலில் கொஞ்சம் குறைவாகப் போட்டு, பரிமாறுவதற்குக் கால்மணி முன்பு ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம். எலுமிச்சையையும் அப்போதே பிழியுங்கள்.